கிரேக்கத் தீவுகளில் குடும்பத்தோடு பாய்மரப் பயணம்: எந்தக் கடல், எந்தப் படகு, எந்த மாதம்?

கிரேக்கத்தில் ஒரு வாரம் படகு எடுத்துத் தீவு தீவாகப் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால், அடுத்த நிமிடமே யாராவது சாந்தோரினி படத்தைக் கைபேசியில் காட்டுவார்கள். வெள்ளைச் சுவர், நீலக் கூரை, கீழே கடல். திட்டம் தடம் மாறுவதும் அங்கிருந்துதான். படகுப் பயணத்துக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது தீவின் அழகு இரண்டாம் பட்சம். முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளும் வருகிறார்கள் என்றால், குடும்பத்தில் யாருக்கு முதலில் குமட்டுமோ அவரை மனதில் வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

கிரேக்கத்தின் கடல் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. மேற்கே இத்தாலியைப் பார்த்தபடி அயோனியக் கடல். கிழக்கே ஏஜியன் கடல்; சைக்ளேட்ஸ், டோடெகனீஸ், ஸ்போரடீஸ் என்ற தீவுக் கூட்டங்கள் அதற்குள் அடக்கம். ஏதென்ஸின் வாசலிலேயே சரோனிக் வளைகுடா. எல்லா இடத்திலும் வாடகைக்குப் படகு கிடைக்கும். ஒரே மாதிரிப் படகுதான், வாடகையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. கிடைக்கிற விடுமுறை மட்டும் அடியோடு வேறு.

சைக்ளேட்ஸில் தொடங்குவோம், எல்லோரும் கேட்பது அதைத்தானே. மிக்கோனோஸ், பாரோஸ், நாக்ஸோஸ், சாந்தோரினி எல்லாம் இங்கேதான். கூடவே மெல்டெமியும் இருக்கிறது. கோடையில் பால்கன் பக்கம் காற்றழுத்தம் கூடுதலாகவும், வெந்து கிடக்கும் துருக்கி நிலப்பரப்பின் மேல் குறைவாகவும் இருப்பதால் வடக்கிலிருந்து ஏஜியனுக்குள் பாயும் காற்று அது. ஜூலை, ஆகஸ்டில் உச்சம். காற்றின் வேகத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 5, 6 சாதாரணம், 7 அபூர்வமில்லை. 6 என்றால் மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகக் காற்று. இதில் ஏமாற்றுவது வானம்தான். மேகம் ஒன்றுகூட இல்லாமல் பளிச்சென்று நீலமாக இருக்கும்; காற்று மட்டும் மூன்று நாள், நான்கு நாள் என்று விடாமல் அடிக்கும். கரையில் நின்று பார்ப்பவருக்கு ‘என்ன அருமையான நாள்’ என்றுதான் தோன்றும்.

தூரத்தையும் பாருங்கள். ஏதென்ஸிலிருந்து சாந்தோரினிக்கு ஏறத்தாழ 120 கடல் மைல். சாதாரண வாடகைப் படகு மணிக்கு 5, 6 கடல் மைல் போகும். போக மட்டும் இருபது மணி நேரத்துக்கு மேல். போகும்போது காற்று முதுகில் தள்ளும், சுகமாக இருக்கும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். ஒரு வார வாடகை என்பதும் முழுசாக ஏழு நாள் கிடையாது. சனிக்கிழமை மாலை ஐந்து மணி வாக்கில்தான் படகு கைக்கு வரும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பியாக வேண்டும், சனிக்கிழமை காலை இறங்கிவிட வேண்டும். புதன்கிழமை மெல்டெமி எழும்பி, நீங்கள் தெற்கே எங்கேயோ மாட்டிக்கொண்டால், கடைசி இரண்டு நாளும் எதிர்காற்றில் அடிபட்டுக்கொண்டே வர வேண்டியதுதான். இவ்வளவுக்குப் பிறகும் சாந்தோரினி படகுக்காரர்களுக்கு வசதியான இடம் இல்லை. எரிமலை வெடித்து உருவான, கால்டெரா என்ற அந்தக் கடல் பள்ளம் முந்நூறு மீட்டருக்கு மேல் ஆழம். விளிம்பில் சில மூலைகளை விட்டால் நங்கூரம் பாய்ச்ச இடமே கிடையாது. தெற்கே விளிஹாதாவில் ஒரு சின்ன மரீனா (படகு நிறுத்தும் துறை) உண்டு, அதிலும் ஆழம் குறைவு, இடமும் குறைவு.

அதற்காக சைக்ளேட்ஸே கூடாது என்று சொல்லவில்லை. லாவ்ரியோ துறைமுகத்திலிருந்து கியா, கித்னோஸ், முடிந்தால் செரிஃபோஸ் என்று மேற்கு ஓரத் தீவுகளோடு நிறுத்திக்கொண்டால் ஜூனில் அருமையான பயணம். கித்னோஸில் கொலோனா என்று ஒரு விரிகுடா இருக்கிறது. நடுவில் மெல்லிய மணல் திட்டு, இரண்டு பக்கமும் கடல். இந்தப் பக்கம் அலையடித்தால் பிள்ளைகள் மணலைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிடலாம். ஆனால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு, முதல் முறையாக? என்னைக் கேட்டால் வேண்டாம்.

சரோனிக் வளைகுடா இதற்கு நேர் எதிர். ஏதென்ஸ் விமான நிலையத்தில் இறங்கி டாக்ஸி பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் அலிமோஸ் மரீனா. அங்கிருந்து ஏஜினா தீவு அரை நாள் ஓட்டம். நிலப்பரப்பும் தீவுகளும் சுற்றிலும் அணைத்து நிற்பதால் மெல்டெமி இங்கே பெரும்பாலும் வலுக்குறைந்துதான் வரும். தினமும் மூன்று நான்கு மணி நேரம் ஓட்டினால் போதும், அடுத்த ஊர் வந்துவிடும். பார்க்கவும் நிறைய இருக்கிறது. ஏஜினாவில் மலை மேல் கிமு 500 வாக்கில் கட்டிய அஃபாயா கோயில். கீழே துறையில் அந்தத் தீவின் பிஸ்தாவை விதவிதமாக விற்கும் கடைகள். பழைய எபிடாரஸ் துறையில் படகைக் கட்டிவிட்டு டாக்ஸியில் போனால், ஏறத்தாழ 14,000 பேர் உட்காரக்கூடிய பழங்கால அரங்கம். நடுவட்டத்தில் ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டு மேல் படிக்கட்டில் சத்தம் கேட்கிறதா என்று சோதிக்காத பிள்ளைகளே இருக்க மாட்டார்கள். போரோஸ் தீவுக்கும் நிலப்பரப்பின் பெலோபொனீஸ் கரைக்கும் நடுவே குறுகலான நீர்ச்சந்து. அதற்குள் நுழையும்போது இரண்டு பக்கத்து வீட்டு மாடிகளும் தெளிவாகத் தெரியும்.

சரோனிக்கின் தலைவலி ஹைட்ரா. கார், பைக் எதுவும் அனுமதிக்காத தீவு. சாமான் எல்லாம் கழுதை முதுகில்தான் போகும். பிள்ளைகளுக்கு அந்த ஒரு காட்சியே போதும். ஆனால் துறைமுகம் சின்னது. கோடையில் மதியத்துக்குள் நிரம்பி, ஒரு வரிசைக்கு முன்னால் இன்னொரு வரிசை, சில நாள் மூன்றாவது வரிசையும் நிற்கும். எல்லோருடைய நங்கூரச் சங்கிலியும் அடியில் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும். காலையில் முதலில் கிளம்புகிறவர் அடுத்தவர் நங்கூரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வர, துறை முழுக்கப் பல மொழிகளில் கூச்சல். வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும், நம்முடைய சங்கிலியாக இல்லாதவரை. எதிர்க்கரையில் எர்மியோனியிலோ போரோஸிலோ படகை விட்டுவிட்டு, பயணிகள் கப்பலில் ஹைட்ரா போய்வருவதே மேல்.

அப்புறம் அயோனியக் கடல். குடும்பப் பயணத்துக்கென்றே அமைந்த கடல் என்று இதைச் சொல்லலாம். இங்கே கோடையில் தினசரி ஓர் ஒழுங்கு இருக்கும். காலையில் கடல் கண்ணாடி மாதிரி. மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து மாய்ஸ்ட்ரோ என்ற காற்று கிளம்பி 3, 4 என்ற அளவில் வீசும். பொழுது சாயும்போது அடங்கிவிடும். காலையில் குளியல், மதியம் இரண்டு மூன்று மணி நேரம் பாய் விரித்து ஓட்டம், மாலையில் ஊர். பிள்ளைகளின் நாளும் ஏறக்குறைய இப்படித்தானே ஓடும்? லெஃப்காடா தீவிலிருந்து கிளம்பினால் மெகனிசி, இத்தாகா, கெஃபலோனியாவின் வட முனையான ஃபிஸ்கார்டோ எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று பெரும்பாலும் 15 கடல் மைலுக்குள். 1953 நிலநடுக்கத்தில் கெஃபலோனியாவின் ஊர்கள் பெரும்பாலும் தரைமட்டமானபோது தப்பியது ஃபிஸ்கார்டோ. அதனால்தான் வெனிஸ் காலத்துச் சாயல் வீடுகள் இன்னும் அங்கே நிற்கின்றன.

மெகனிசியில் ஸ்பார்த்தகோரி ஊருக்குக் கீழே உள்ள விரிகுடாவில் படகு கட்டுவதைச் சொன்னால் அயோனியனின் போக்கு புரியும். அங்கே இருப்பது கரையோர உணவகங்களின் சொந்தப் படகு மேடைதான், ஜெட்டி என்பார்கள். உங்கள் படகு தலைகாட்டியதுமே உணவகத்து ஆள் ஜெட்டியில் வந்து நின்று கையசைத்து இடத்தைக் காட்டுவார். படகைத் திருப்பிப் பின்பக்கமாக உள்ளே விட வேண்டும். அவர் தண்ணீருக்கடியில் கட்டிவைத்திருக்கும் கயிற்றின் நுனியைத் தூக்கிக் கொடுப்பார். பாசியும் சேறுமாக வழவழவென்று இருக்கும். அதைப் பிடித்து முன்பக்கம் நடந்துபோய் இறுக்கிக் கட்டினால் வேலை முடிந்தது, நங்கூரமே தேவையில்லை. இரவுக் கட்டணமாக எதுவும் கேட்க மாட்டார்கள். அன்று இரவு அவர்கள் கடையில் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். நான்கு பேர் சாப்பாட்டுச் செலவில் மரீனா வாடகை கழிந்துவிடும் என்றால் யாருக்குக் கசக்கும்?

சரோனிக்கா, அயோனியனா என்றால் என் மனம் அயோனியன் பக்கம்தான். ஆனால் எங்கிருந்து வருகிறீர்கள் என்பதும் கணக்கில் சேர வேண்டும். லண்டன் மாதிரி ஐரோப்பிய நகரங்களில் இருப்பவர்களுக்குக் கோடையில் பிரெவெசா, கோர்ஃபு, கெஃபலோனியாவுக்கு நேரடி விமானம் கிடைக்கும். அவர்கள் யோசிக்காமல் அயோனியன் போகலாம். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வளைகுடா நாடுகள் வழியாக ஏதென்ஸ் வந்து இறங்குபவர்களுக்கு, அதற்குமேல் பஸ்ஸில் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் லெஃப்காடா போவது பிள்ளைகளைச் சோர்வடையச் செய்துவிடும். ஏதென்ஸில் ஒரு நாள் ஓய்வெடுத்து, அக்ரோபோலிஸ் பார்த்துவிட்டு, அலிமோஸில் படகேறுவதுதான் அவர்களுக்குப் புத்திசாலித்தனம்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்போரடீஸில் பைன் காடுகள் தண்ணீர் வரை இறங்கி வரும். அலோனிசோஸை ஒட்டி, துறவிச் சீல்களுக்காக 1992இல் அமைத்த கடல் தேசியப் பூங்கா இருக்கிறது. இரண்டாவது முறை வருபவர்களுக்கு நல்ல இடம். டோடெகனீஸ் துருக்கிக் கரையை ஒட்டியது, மெல்டெமி அங்கேயும் உண்டு. எதிர்க்கரை கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறதே என்று துருக்கிக்குப் படகைத் திருப்ப முடியாது. ஷெங்கன் எல்லையைக் கடக்கும் சமாசாரம். விசா, படகின் ஆவணம் எல்லாம் வேறு.

அடுத்த கேள்வி, படகை ஓட்டுவது யார்? நீங்களே ஓட்டுவதை பேர்போட் என்பார்கள். கிரேக்கத்தில் அதற்கு ஒருவரிடம் அங்கீகரிக்கப்பட்ட பாய்மரப் படகு உரிமம் இருக்க வேண்டும். கூடவே படகில் அனுபவமுள்ள இன்னொரு பெரியவரும் வேண்டும். உரிமம் இல்லாவிட்டால் பேச்சே இல்லை, ஸ்கிப்பர், அதாவது சம்பளத்துக்குப் படகோட்டும் கேப்டனை வைத்தாக வேண்டும். உரிமம் இருப்பவர்களுக்குத்தான் உண்மையான தேர்வு, அங்கே கௌரவம் குறுக்கே வரும். நடுக்கடலில் பாய் விரித்து ஓட்டுவது கஷ்டமில்லை. மாலை ஐந்து மணிக்கு, பக்கக் காற்றில், நங்கூரத்தைப் போட்டுக்கொண்டே பின்னோக்கி வந்து, இரண்டு படகுகளுக்கு நடுவே நுழைவதுதான் கஷ்டம். முன்னால் நங்கூரம் இறக்க ஒருவர், பின்னால் கயிறு வீச ஒருவர், சக்கரத்தில் ஒருவர். நான்கு பேர் குடும்பத்தில் இரண்டு பேர் சின்னப் பிள்ளைகள் என்றால், கணவனும் மனைவியும் கரையில் உள்ளவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க ஒருவரையொருவர் பார்த்துக் கத்திக்கொள்ளும் நேரம் அது.

ஸ்கிப்பருக்குத் தோராயமாக ஒரு நாளைக்கு 180 முதல் 250 யூரோ. சாப்பாடு உங்கள் பொறுப்பு. தனியாக ஒரு கேபினும் அவருக்கு வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் மறந்துவிட்டு, மூன்று கேபின் படகில் மூன்று கேபினையும் குடும்பத்துக்கே பிரித்துவிடுவார்கள். பணம் அதிகம்தான். ஆனால் எந்த விரிகுடாவில் இன்று இரவு அலையடிக்காது, எந்த உணவகத்தில் ஜெட்டி உண்டு, எத்தனை மணிக்குள் போனால் இடம் கிடைக்கும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். முதல் பயணத்துக்கு வாடகையில் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

இரண்டுக்கும் நடுவே ஃப்ளோட்டிலா என்று ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் அவரவர் படகில். முன்னால் ஒரு வழிகாட்டிப் படகு. காலையில் எல்லோரையும் கூட்டி இன்றைய பாதை, காற்று எல்லாம் சொல்வார்கள். மாலையில் துறையில் நின்று உங்கள் கயிற்றை வாங்கிக் கட்டுவார்கள். எஞ்சின் மக்கர் செய்தால் ஆள் வரும். அயோனியனில் இது நன்றாக நடக்கிறது. உரிமம் இருக்கிறது, அனுபவம் குறைவு என்பவர்களுக்குச் சரியாகப் பொருந்தும். பிள்ளைகளுக்குக் கூட்டாளிகளும் கிடைப்பார்கள், அதுவும் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அது சாதாரண விஷயமில்லை.

படகு ஒற்றை உடலா, இரட்டை உடலான கேட்டமரானா என்பதில் நிறைய வாதம் நடக்கும். ஒற்றை உடல் படகு காற்றில் 15, 20 டிகிரி சாயும். பெரிய பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். அம்மாவுக்குச் சமையலறையில் தட்டு பறக்கும். கேட்டமரான் ஏறக்குறைய சாயாது. முன்னால் வலை கட்டியிருக்கும், பிள்ளைகள் நாள் முழுக்க அதிலேயே படுத்துக் கிடப்பார்கள். வாடகை அநேகமாக இரண்டு மடங்கு. 40 அடிப் படகுக்கு அகலம் ஆறு ஏழு மீட்டர் என்பதால் ஃபிஸ்கார்டோ, இத்தாகாவின் கியோனி போன்ற சின்னத் துறைகளில் இடம் கிடைப்பதும் சிரமம்.

தாத்தா பாட்டி வருகிறார்களா என்பதை வைத்தே இதை முடிவு செய்துவிடலாம். ஒற்றை உடல் படகில் உள்ளே இறங்குவது செங்குத்தான நாலைந்து படி, கிட்டத்தட்ட ஏணி. கேட்டமரானில் உட்காரும் இடமும் பின்தளமும் ஒரே மட்டம்; கேபினுக்குத்தான் சில படிகள். ஆனால் எந்தப் படகிலும் கரைக்கு இறங்க ஒரு பலகைதான். ஓர் அடி, ஒன்றேகால் அடி அகலம், பெரும்பாலும் கைப்பிடி கிடையாது, படகு அசைந்தால் அதுவும் அசையும். முழங்கால் வலியுள்ள பாட்டி தினமும் இரண்டு தடவை அதில் நடப்பாரா என்று முன்பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மாதம் என்றால் நம்மூர்க்காரர்களுக்கு ஒரு சங்கடம். தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. ஏப்ரலில் கிரேக்கக் கடலில் கால் வைத்தாலே குளிர் ஏறும். மே கடைசி வாரம் பரவாயில்லை. தண்ணீர் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், பிள்ளைகள் குதித்துவிடுவார்கள், பெரியவர்கள் யோசிப்பார்கள். காற்று மிதம், துறைகளில் இடம் தாராளம், வாடகை ஆகஸ்டில் கேட்பதில் பாதிக்குப் பக்கம். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட்தான் விதித்தது. அதனால்தான் அவர்களை அயோனியன் பக்கம் தள்ளுகிறேன். செப்டம்பர் தண்ணீர் வெதுவெதுப்பு, கூட்டம் குறைவு, பள்ளிக்குப் போகாத குழந்தைகள் உள்ளவர்களுக்குப் பொற்காலம். ஆனால் அயோனியனில் செப்டம்பர் நடுவுக்கு மேல் வானிலையைக் கவனிக்க வேண்டும். 2020 செப்டம்பரில் இயானோஸ் என்ற மத்தியதரைக்கடல் புயல் கெஃபலோனியாவையும் இத்தாகாவையும் புரட்டிப் போட்டது.

சைவக் குடும்பங்கள் சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். தக்காளிக்குள்ளும் குடமிளகாய்க்குள்ளும் அரிசி அடைத்த கெமிஸ்தா, பெரிய வெள்ளை மொச்சைபோல் இருக்கும் ஹிகாந்தெஸ், பருப்பை மசித்துச் செய்யும் ஃபாவா எல்லாம் சின்ன ஊரிலும் கிடைக்கும். கெமிஸ்தாவில் சில கடைகளில் இறைச்சி சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். படகில் இரண்டு பர்னர் அடுப்பு இருக்கும். வீட்டிலிருந்து சின்ன குக்கர் ஒன்றை எடுத்துப் போங்கள். படகு ஆடினாலும் மூடிய குக்கரிலிருந்து எதுவும் சிந்தாது. தண்ணீர்த் தொட்டியின் அளவைத் தெரிந்துகொண்டு பாத்திரம் கழுவவும்.

பணத்தைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் போடும் வாடகையைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஜூனில் 40 அடி ஒற்றை உடல் படகுக்கு வாரம் 2,500 முதல் 3,500 யூரோ என்று தோராயமாக வைத்துக்கொண்டால், ஸ்கிப்பர், டீசல், கடைசியில் துப்புரவுக் கட்டணம், படுக்கை விரிப்பு, சின்ன ரப்பர் படகின் மோட்டார் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து விமான டிக்கெட் இல்லாமலே 5,000, 6,000 யூரோவைத் தொடும். அதற்கு மேல் டெபாசிட் சில ஆயிரம் யூரோவை அட்டையில் பிடித்து வைப்பார்கள். குழந்தைகளின் எடைக்கேற்ற உயிர்காப்புச் சட்டையும், தளத்தைச் சுற்றிய பாதுகாப்பு வலையும் கிடைக்குமா என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். கேட்டால் வலை கட்டித் தருபவர்கள் உண்டு. கேட்காவிட்டால் பலரும் கட்ட மாட்டார்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, ‘இல்லை, சாந்தோரினி பார்த்தே ஆக வேண்டும்’ என்றால் பாய்மரப் படகை விடுங்கள். ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பெரிய ஃபெர்ரியில் (பயணிகள் கப்பலில்) ஏறுங்கள். நாக்ஸோஸ் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல், பிள்ளைகள் ஓடியாட இடம், கழிப்பறை, காபி எல்லாம் உண்டு, ஆட்டமும் குறைவு. பாட்டிக்குப் பலகை இல்லை. நாக்ஸோஸில் நாலு நாள் வீடெடுத்துத் தங்கிவிட்டு, அங்கிருந்து சாந்தோரினிக்கு இன்னொரு ஃபெர்ரி. அங்கே கால்டெராவைச் சுற்றிக் காட்டும் கேட்டமரான் பயணங்கள் அரை நாளுக்குக் கிடைக்கும். பாய்மரத்தின் ருசி அதிலேயே தெரிந்துவிடும். யாருக்குக் குமட்டுகிறது என்பதும் தெரிந்துவிடும். காற்று மிகவும் பலமாக இருந்தால் ஃபெர்ரியையும் துறைமுக அதிகாரிகள் நிறுத்திவிடுவார்கள் என்பதால், திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை மட்டும் ஏதென்ஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.